நாற்பத்துமூன்று பேருக்கும் ஒரு பதில்

மனிசருக்கு அல்லாஹ் வாயை எதற்குத்தான் கொடுத்தான் என்று நெய்னாருக்கு இந்தக் காலத்தில் விளங்குவதே இல்லை. ஸலாம் சொன்னால் தலையை ஆட்டுகிறார்கள். அதுவும் முந்தி. மாஸ்க் போடத் தொடங்கிய பிறகு தலையும் ஆடுவதில்லை. கண்ணை ஒருதரம் மூடித் திறந்துவிட்டு சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பதில் சொன்னார்களா, கண்ணில் தூசி விழுந்ததா, யார் கண்டது?

"நோய் மூச்சுக்கு வந்ததா, நாக்குக்கு வந்ததா?" என்று அவர் பக்கத்து உப்பளத்துக் காவல்காரன் மர்ஸூக்கிடம் கேட்டார். மர்ஸூக்குக்கு அவர் நானா, அதாவது அண்ணன்.

"ரெண்டுக்கும்தான் நானா. அங்கயே நில்லுங்க, கிட்ட வராதீங்க. சுகாதாரக்கார பி.எச்.ஐ. கண்டா ரெண்டு பேரையும் சேத்து அள்ளிக்கொண்டு போவார்."

"போகட்டும். அங்கயாவது ஸலாத்துக்குப் பதில் சொல்ற மனிசன் ஒருத்தன் இருப்பான்."

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகிற ரோட்டில், கடல்தண்ணி தேங்கும் களப்பு ஓரமாகக் கிடக்கும் உப்பளம் ஒன்றுக்கு நெய்னார் காவல். அறுபத்தாறு வயது. காவல் என்றால் கள்ளனுக்கு அல்ல. ஈர உப்பை எவன் தலையில் தூக்கிக்கொண்டு ஓடப்போகிறான்? காவல் கழுதைகளுக்கு. அந்தப் பக்கத்தில் கேட்பாரில்லாத கழுதைகள் கூட்டம் கூட்டமாகத் திரியும். உப்பு விளைந்து வெள்ளை பிடித்த பாத்தியில் ஒரு கழுதை இறங்கி இரண்டு தரம் நடந்தால் போதும், அடிச்சேறு கலங்கி மேலே வந்துவிடும். பிறகு அந்தப் பாத்தியில் இருப்பது உப்பும் இல்லை, மண்ணும் இல்லை. ஆகவே கையில் தடியும் வாயில் "ஹோய்" என்ற ஒரு சத்தமுமாக அவர் வரப்புகளில் நடந்துகொண்டிருப்பார். வெயில் ஏறினால் ஒதுங்குவதற்குக் தென்னங்கிடுகால் கூரையும் சுவரும் வேய்ந்த ஒரு வாடி இருந்தது. ஒரு கதவு, ஒரு பழைய மீன்பெட்டி, ஒரு தண்ணிக்குடம், அவ்வளவுதான்.

அந்த வாடிக்குள்தான் அந்த வருஷம் ஒரு பல்கலைக்கழகம் வந்து குந்தியது.

நெய்னாரின் கடைசி மகள் ஷிஹாரா கிழக்குப் பக்கத்துக் கெம்பஸ் ஒன்றில் புள்ளிவிபரவியல் படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வருஷம். அவர்களுடைய அகதிக் குடியிருப்பிலிருந்து கெம்பஸுக்குப் போன முதல் பெண்பிள்ளை. மார்ச் மாதத்தில் நோய் வந்து, எல்லாரையும் ஒரே நாளில் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அவள் ஒரு பையோடு வந்து இறங்கினாள். பாதிப் புத்தகங்கள் அங்கே ஹொஸ்டல் அலுமாரிக்குள். "முடிஞ்சுது கதை" என்றார் நெய்னார். முடியவில்லை. இரண்டு கிழமை கழித்து, இனிப் பாடங்கள் எல்லாம் போனில் நடக்கும் என்று துறையிலிருந்து அறிவித்தல் வந்தது. குடியிருப்பில் சிக்னல் வேண்டுமென்றால் தண்ணித் தாங்கியின் மேல் ஏறி நிற்க வேண்டும். உப்பளத்தில் மரமில்லை, மதிலில்லை; களப்புக்கு அந்தப் பக்கத்து டவர் அப்படியே கண்ணுக்குத் தெரியும். நெய்னாரின் மனைவி றஹ்மத் உம்மா ஒரே பேச்சில் முடிவெடுத்தாள்.

"புள்ள வாடிக்குள்ள இருந்து படிக்கட்டும். நீங்க வெளிய இருங்க."

"என்ட வாடிக்கு நான் வெளியயா?"

"கழுத வெளியதானே வரும்."

முதல் நாள் காலையில் ஷிஹாரா மீன்பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் போனைச் சாய்த்து வைத்து, கொப்பியை மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நெய்னார் களப்பைப் பார்த்தபடி வரப்பில் குந்தியிருந்தார். காது மட்டும் உள்ளே.

போனிலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. "அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம். எல்லாருக்கும் கேக்குதா?"

ஒரு சத்தமும் இல்லை.

நெய்னார் காத்திருந்தார். குரல் மறுபடியும் சொன்னது, இந்தத் தரம் கொஞ்சம் இறங்கி: "அஸ்ஸலாமு அலைக்கும்." அதற்கும் ஒன்றுமில்லை.

"வஅலைக்குமுஸ்ஸலாம் வறஹ்மதுல்லாஹி வபறகாத்துஹூ!" என்று வரப்பிலிருந்தபடியே முழங்கினார் நெய்னார்.

ஷிஹாரா வெளியே பாய்ந்து வந்தாள். "வாப்பா! வகுப்பு நடக்குது!"

"நடந்தா என்ன? ஒரு மனிசன் ரெண்டு தரம் ஸலாம் சொல்றார். எத்தின புள்ளைகள் இரிக்கிறீங்க?"

"நாப்பத்திமூண்டு."

"நாப்பத்திமூண்டு பேருக்கும் வாய் ஒட்டிப்போச்சா?"

"மைக்க மூடி வெக்கச் சொல்லி இரிக்கி வாப்பா. எல்லாரும் திறந்தா ஒரே இரைச்சல். பதில எழுத்தில போட்டிருக்காங்க."

"எழுத்திலயா?"

"ஓம். சுருக்கி, மூண்டு எழுத்து. காட்டட்டா?"

"ஸலாத்துக்கு மூண்டு எழுத்து! நாளைக்குச் செத்தவனுக்குத் தொழுற ஜனாஸாத் தொழுகையையும் எழுத்திலயே முடிச்சிருவீங்க."

ஷிஹாரா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

இடைவேளையில் நெய்னார் வாடிக்குள் தலையை நீட்டி, "பாடம் நடத்துற அந்த சேரைக் காட்டு" என்றார். அவள் போனைத் திருப்பினாள். கறுப்புக் கறுப்பாகப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பேர்.

"இதில எது சேர்?"

"இது. முஹ்ஸின் சேர்."

"முகம் எங்க?"

"அவருக்கும் சிக்னல் காணாது வாப்பா. கெமராவ மூடி வெச்சிருக்கார். நாங்களும் மூடித்தான்."

"அப்ப கதைக்கிறது முஹ்ஸின் சேர்தான் எண்டு எப்பிடித் தெரியும்?"

"குரல் தெரியும்தானே."

"குரல்" என்று அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லிவிட்டு நெய்னார் எழும்பிப் போனார்.

குரல் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரில் அவரை வீட்டிலிருந்து கிளப்பியது ஒரு வாகனத்தின் தலையில் கட்டியிருந்த ஒலிபெருக்கி. பேசியவன் யாரென்று இன்றைக்கும் தெரியாது. முகத்தை ஒருவரும் காணவில்லை. குரல் முஸ்லிம்கள் எல்லாரையும் போகச் சொன்னது, ஊர் போனது. படகேறிக் கற்பிட்டியில் இறங்கிய பிறகு வந்த குரல்களுக்கும் கணக்கில்லை. வீடு வருகிறது, குழாய்த்தண்ணி வருகிறது, திரும்பிப் போகலாம், இப்போதைக்குப் போக ஏலாது. நெய்னார் ஒன்றுக்கும் எழும்பவில்லை. முகத்தைக் காண வேண்டும், இல்லையென்றால் சீல் குத்திய கடுதாசி கைக்கு வர வேண்டும். இரண்டும் இல்லாத கதைக்கு அவர் காதைக் கொடுப்பார், மற்றதைக் கொடுக்க மாட்டார்.

ஆனால் ஸலாம் வேறு விஷயம். ஸலாம் யார் சொன்னாலும் பதில் கடமை. சின்ன வயதில் மத்ரஸாவில் ஓதிய நாலு வருஷத்தில் அவருக்கு மனசில் நின்ற சட்டங்களில் ஒன்று இது: ஒரு கூட்டத்துக்கு ஒருவர் ஸலாம் சொன்னால், கூட்டத்தில் ஒருவன் பதில் சொன்னால் போதும், மற்றவர்களின் கடமையும் இறங்கிவிடும். ஒருவனும் சொல்லாவிட்டால் குற்றம் எல்லார் தலையிலும். நாற்பத்துமூன்று பிள்ளைகள் காலங்காத்தாலே குற்றத்தைச் சுமந்துகொண்டு கணக்குப் படிப்பதா? ஆகவே தினமும் எட்டரை மணிக்கு, அவர் எந்த வரப்பில் நின்றாலும், போனில் அந்தக் குரல் வருகிற நேரத்துக்கு வாடியடிக்கு வந்துவிடுவார். பதிலைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போவார். கழுதையைத் துரத்திக்கொண்டு வாடியைத் தாண்டி ஓடும்போதுகூட ஒருநாள் ஓட்டத்திலேயே சொன்னார்.

"மெல்லமாச் சொன்னா என்ன வாப்பா?" என்றாள் ஷிஹாரா.

"மெல்லமாச் சொன்னா களப்பத் தாண்டுமா?"

அவளுக்குச் சொல்லிப் பயனில்லை என்று பட்டிருக்க வேண்டும். பிறகு அவள் ஒன்றும் சொல்லவில்லை.

மர்ஸூக்குக்கு இது பெரிய பகிடி. "நானா, உங்களுக்கும் சேத்து டிகிரி தருவாங்களாமா?"

"நாப்பத்திமூண்டு பேருக்கும் நான் ஒருத்தன் பதில் சொல்றன். நியாயத்துக்கு அதுகள்தான் டிகிரியக் கொண்டுவந்து என்னட்டத் தரணும்."

நோன்பு வீட்டுக்குள்ளேயே வந்து வீட்டுக்குள்ளேயே போனது. பெருநாளைக்குப் பள்ளியில் தொழுகை இல்லை. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பி, பாத்திகளில் தண்ணி வற்றி, உப்பு பூக்கத் தொடங்கியது. ஊரடங்கை எடுத்தார்கள், கடைகளைத் திறந்தார்கள். கெம்பஸ் மட்டும் திறக்கவில்லை. ஜூலையில் துறையிலிருந்து இன்னோர் அறிவித்தல் வந்தது. கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு இறுதிப் பரீட்சை வாய்மொழியாக, போனிலேயே. ஷிஹாரா ஒவ்வொரு வரியாக வாசித்துச் சொன்னாள். முடியும்வரைக்கும் கெமரா திறந்திருக்க வேண்டும். மைக்கும் திறந்திருக்க வேண்டும். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது. வேறு ஆளின் குரல் கேட்டால் பரீட்சை செல்லாது; அடுத்து வரும் பிள்ளைகளோடு சேர்ந்துதான் மறுபடி பரீட்சைக்குத் தோற்ற வேண்டும்.

"அது எப்ப?"

"வாற வருஷம். இல்லாட்டி அதுக்கடுத்தது. அவங்களுக்கே தெரியா வாப்பா."

"எங்கள நம்பாதவங்கள நாங்க என்னத்துக்கு நம்பணும்?" என்றார் நெய்னார்.

றஹ்மத் உம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "இஞ்ச பாருங்க. நாலு வருஷமா இந்தப் புள்ள பஸ்ஸில முறிஞ்சு முறிஞ்சு போய் வந்தது. பொம்புளப் புள்ளைய இவ்வளவு தூரம் அனுப்பினவ எண்டு என்னத்தானே எல்லாரும் சொன்னது? பக்கத்து வீட்டு நஸ்ஹாவ அனுப்புறதா இல்லையா எண்டு அவள்ட வாப்பா இதப் பாத்துத்தான் இரிக்கார். உங்கட வாயால இது போகப்படாது."

"மூண்டாம் வரப்புக்குப் போய் நிக்கிறன். வாயத் தெச்சுக்கொண்டு. போதுமா?"

பரீட்சையன்று பத்து மணிக்கு ஷிஹாராவின் முறை. றஹ்மத் உம்மா வாடியைக் கூட்டி, கிடுகு தெரியாமல் பின்னால் ஒரு நல்ல சீலையைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். நெய்னார் சொன்ன மாதிரியே மூன்றாம் வரப்புக்குப் போனார். காற்று இடுப்புச் சாரத்தைப் பிடுங்கியது. வாடி அங்கிருந்து பார்க்க ஒரு தொப்பி அளவுக்குத் தெரிந்தது.

அப்போதுதான் அந்த ஒற்றைக்காதுக் கழுதை வந்தது.

நெய்னாருக்கு அதை நன்றாகத் தெரியும். பெட்டைக்கழுதை. ஒரு காது நாய் கடித்துப் பாதியாகிவிட்டது. வாடிக்குப் பக்கத்துப் பாத்தியில் உப்பு கட்டியாக விளைந்து கிடந்தது. இன்னும் இரண்டு நாளில் வாரலாம். கழுதை நேராக அதற்குத்தான் போனது. வேறு நாளென்றால் நின்ற இடத்திலிருந்தே ஒரு "ஹோய்" போதும். இன்றைக்கு வாய் தைத்திருக்கிறது. கல் எறிந்தாலும் சத்தம். ஆகவே அவர் தடியை உயர்த்திக்கொண்டு, வெறுங்காலோடு, கள்ளனைப் போல வரப்புவழியே வந்தார். கழுதை அவரைப் பார்த்தது. தடியைப் பார்த்தது. பாத்தியை விட்டுவிட்டு வாடியின் பின்பக்கத்து நிழலுக்குப் போய், கிடுகில் முதுகை உரசத் தொடங்கியது. நெய்னாரும் பின்னால் போனார். கழுதைக்கும் அவருக்கும் நடுவில் ஒரு முழம். வாடிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், புதுக்குரல், தெளிவாக வந்தது:

"அஸ்ஸலாமு அலைக்கும்."

ஷிஹாரா பதில் சொன்னாள். ஆனால் பயத்தில் சொல் உதட்டோடு நின்றுவிட்டது. காற்று வேறு. நெய்னாரின் காதுக்கு வந்தது ஸலாமும் அதற்குப் பின்னால் ஒரு வெறுமையும்தான். நாலு மாதப் பழக்கம். வாய் அவரிடம் கேட்கவில்லை.

"வஅலைக்குமுஸ்ஸலாம் வறஹ்மதுல்லாஹி வபறகாத்துஹூ!"

கழுதை துள்ளி விழுந்து ஓடியது. சொல்லி முடித்த பிறகுதான் நெய்னாருக்குத் தான் செய்தது விளங்கியது. தடியைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"யார் அது?" என்றது பெண் குரல்.

"வாப்பா, மெடம்."

"அறையில வேற ஆள் இருக்கக் கூடாது எண்டு அறிவிச்சது தெரியும்தானே?"

"உள்ள இல்ல மெடம். வெளிய."

"வெளிய நிண்டு சொல்லிக் குடுக்க ஏலாதா? போனைச் சுத்திக் காட்டுங்க."

பின்னால் கட்டிய சீலையில் கிடுகின் இடுக்கு வெளிச்சம் புள்ளி புள்ளியாக விழுந்தது. அதில் ஓரிடத்தில் மட்டும் வெளிச்சம் இல்லை. அங்கே நெய்னாரின் சாரம்.

"அவரை உள்ள வரச் சொல்லுங்க."

நெய்னார் உள்ளே போனார். முதலில் மகளைத்தான் பார்த்தார். அவள் அழவில்லை. உதடு மட்டும் வெளிறிப்போயிருந்தது. அழுதிருந்தால் அவருக்குப் பரவாயில்லை போலிருந்திருக்கும்.

போனில் ஒரு முகம் இருந்தது. கண்ணாடி போட்ட, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். வெளியிலிருந்து வந்த பரீட்சகர், ஸுல்பிகா மெடம் என்று ஷிஹாரா முந்தியே சொல்லியிருந்தாள். அவருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. அது முஹ்ஸின் சேர்.

"பெரியவர், இப்ப என்ன சொன்னீங்க?"

"நீங்க சொன்ன ஸலாத்துக்குப் பதில்."

"நான் சொன்னது உங்கட மகளுக்கு."

"என்ட காதுக்கும் கேட்டிச்சு. புள்ள பதில் சொன்னது கேக்கல்ல."

"நீங்க என்னத்துக்கு சுவருக்குப் பின்னால நிண்டீங்க?"

"கழுத."

"என்ன?"

"கழுத வந்திச்சு புள்ள. அதக் கலைக்க வந்தன்."

"மெடம் எண்டு சொல்லுங்க வாப்பா" என்று ஷிஹாரா பல்லுக்குள் சொன்னாள்.

"அந்தக் கழுதை இப்ப எங்க?"

"நான் சத்தம் போட்டதும் ஓடிட்டு."

மெடத்தின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அந்த முகத்தை நெய்னாருக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருஷமாகக் குடியிருப்புக்குப் பதிவெடுக்க வந்த ஒவ்வொரு உத்தியோகத்தருக்கும் அவர் காட்டிவந்த முகம் அது. இப்போதுதான் முதல் தடவையாக அது அவரைப் பார்த்தது.

"மெடம், ஒரு நிமிஷம்." கறுப்புப் பெட்டி பேசியது. "இந்தக் குரல எனக்குத் தெரியும். நாலு மாசமா ஒவ்வொரு நாள் காலையிலயும் கேக்கிறன். நான் ஸலாம் சொன்னா நாப்பத்திமூண்டு மைக்கில ஒண்டு திறக்கும். இந்தப் பதில் வரும். உடனே மூடும். அதுக்கு மேல ஒரு சொல்லும் வந்ததில்ல."

நெய்னார் மகளைத் திரும்பிப் பார்த்தார். "மைக்கத் திறந்து வெச்சியா?"

"ஸலாத்துக்கு மட்டும் வாப்பா." அவள் கொப்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சேர் பாவம், தனியக் கதைச்சுக்கொண்டிருந்தார்."

மெடம் விடவில்லை. "சேர், அப்ப ஒவ்வொரு வகுப்பிலயும் இவர் பக்கத்திலதான் இருந்திருக்கார். நீங்க சொல்றது இந்தப் பிள்ளைக்குச் சாதகமா, பாதகமா?"

ஷிஹாரா கொப்பியை மெல்ல மூடினாள்.

"அந்த மெடம் புள்ள கேக்கிறது சரி" என்றார் நெய்னார்.

"வாப்பா!"

"சரிதானே? நானெண்டா நானும் நம்ப மாட்டன். கழுதையாம், ஓடிட்டாம். யார் நம்புவான்?" அவர் போனுக்குக் கிட்டக் குனிந்தார். "இஞ்ச சுவர் இரிக்கிறதாலதானே உங்களுக்குச் சந்தேகம்? இவள் போன எடுத்துக்கொண்டு வரப்புக்கு வரட்டும். சுத்திக் காட்டட்டும். அங்க ஒளியிறதுக்கு ஒரு புல்பூண்டும் இல்ல. நான் உங்கட கண்ணுக்குத் தெரியிற மாதிரி அடுத்த வரப்பில நிக்கிறன். என்ட வாய் ஒருதரம் அசைஞ்சா நீங்க நிப்பாட்டிப் போடுங்க."

மெடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டார். "மாஸ்க் போடக் கூடாது. வாய் தெரிய வேணும்."

"மாஸ்க் நான் எப்ப போட்ட?"

"முடியும்வரைக்கும் இடத்த விட்டு அசையவும் கூடாது. கை காட்டுறதும் கூடாது."

"சரி. எனக்கும் ஒரு கதை இரிக்கி." ஷிஹாரா சாரத்தைப் பிடித்து இழுத்தாள், அவர் பொருட்படுத்தவில்லை. "நான் முகத்தக் காட்டிக்கொண்டு நிக்கிறதெண்டா அந்த சேரும் முகத்தக் காட்டணும். நாலு மாசம் பதில் சொன்னன். யாருக்குச் சொன்னன் எண்டு எனக்குத் தெரியா."

பிறகு கறுப்புப் பெட்டி வெளிச்சமாகியது. நாற்பது வயது வரும், ஒடிசலான ஆள். நாடியில் நரைத்த தாடி. அவருக்குப் பின்னால் ஒரு வெங்காயப் பை தொங்கியது, தட்டில் தகர ரின்கள் அடுக்கியிருந்தன. கீழேயிருந்து ஒரு சின்னக் கை வந்து அவருடைய சேர்ட் பொத்தானைப் பிடித்து இழுத்தது.

"வீட்டில இந்தக் குசினி மூலையிலதான் சிக்னல் வாப்பா" என்றார் முஹ்ஸின் சேர், கூச்சத்தோடு.

நெய்னார் அவரை நெடுநேரம் பார்த்தார். "மெலிஞ்சு போயிருக்கீங்க" என்றார். பிறகு வெளியே போனார்.

ஷிஹாரா மீன்பெட்டியை முதல் வரப்புக்குத் தூக்கிவந்து போட்டு, போனை ஒருதரம் முழுச்சுற்றுச் சுற்றிக் காட்டினாள். வெள்ளைப் பாத்திகள், களப்பு, வானம். பிறகு அவள் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவளுடைய தோளுக்கு மேலாக, இருபது முப்பது அடி தள்ளி, இரண்டாம் வரப்பில் நெய்னார் நின்றார். தடியை ஊன்றி, வாயை இறுக்கி, நேராகப் போனைப் பார்த்துக்கொண்டு.

கேள்விகள் தொடங்கின. காற்று அவருடைய முதுகுப் பக்கமிருந்து வீசியதால் ஒரு சொல்லும் அவர் காதில் விழவில்லை. மகளின் முதுகைத்தான் கண்டார். முதலில் தோள் தூக்கியிருந்தது. கொஞ்சத்தில் இறங்கியது. பிறகு வலக்கை அசையத் தொடங்கியது, உயர்ந்தது, தாழ்ந்தது, காற்றில் எதையோ வளைத்துக் காட்டியது. வீட்டில் தாயோடு வாதாடும்போது அசைகிற அதே கை. அது அசைந்தால் அவளிடம் பதில் இருக்கிறது என்று அர்த்தம்.

கால் மணித்தியாலம் போயிருக்கும். வாடிக்குப் பின்னாலிருந்து ஒற்றைக்காது மெல்ல வெளியே வந்தது.

கழுதை இந்தத் தரம் அவசரப்படவில்லை. நெய்னாரைப் பார்த்தது. அவர் அசையவில்லை. ஓர் அடி வைத்துப் பார்த்தது. அதற்கும் அசையவில்லை. பிறகு ஷிஹாராவுக்கும் அவருக்கும் நடுவில் கிடந்த பாத்தியில், இரண்டு நாளில் வார இருந்த அந்த உப்பில், இறங்கி நடந்தது. வெள்ளைக்குள் குளம்பு போய் எழும்பும்போதெல்லாம் கறுப்பாகச் சேறு வந்தது. நெய்னாரின் தொண்டைக்குள் "ஹோய்" வந்து நின்றது. அவர் வாயைத் திறக்கவில்லை. கழுதை பாத்தியின் அந்தக் கரைவரைக்கும் போய்த் திரும்பி வந்தது. பிறகு நடுவில் நின்று மூத்திரம் பெய்தது.

காவல் பார்த்த பன்னிரண்டு வருஷத்தில் அவர் கண்ணுக்கு முன்னால் ஒரு பாத்தி இப்படிப் போனதில்லை.

கடைசியாக ஷிஹாரா எழும்பி, திரும்பி, இரண்டு கையாலும் அவரைக் கூப்பிட்டாள். அவர் போய்ச் சேருவதற்கு முன் "ஹோய்!" என்று ஒரு சத்தம் வைத்தார். அரைமணித்தியாலச் சத்தமும் அதில் இருந்தது. கழுதை கற்பிட்டி ரோட்டுக்கே ஓடிவிட்டது.

போனில் இரண்டு முகமும் இருந்தன. முஹ்ஸின் சேர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தார்.

"பெரியவர்" என்றார் ஸுல்பிகா மெடம். "கழுதையைக் கண்டன்."

"ஓம். கண்டிருப்பீங்க."

"பரீட்சை செல்லும். முடிவு மூண்டு கிழமையில வரும்." பேனையை மூடிக்கொண்டு, "அந்தப் பாத்தி?" என்று கேட்டார்.

"அது போச்சு. கழுவிப்போட்டுத் திரும்பத் தண்ணி விடணும்."

மெடம் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார். நெய்னார் முழுப்பதிலும் சொன்னார். இந்தத் தரம் ஷிஹாராவும் சேர்ந்து, காது கேட்கச் சொன்னாள்.

மூன்று கிழமையில் முடிவு வந்தது. ஷிஹாரா வாடியிலிருந்து வரப்புவழியே செருப்பில்லாமல் ஓடிவந்தாள். றஹ்மத் உம்மா வட்டிலப்பத்தோடு பின்னால் வந்தாள். நேற்றே செய்து வைத்துவிட்டு, சும்மாதான் செய்தது என்று சொல்லிக்கொண்டிருந்தவள். மர்ஸூக் தன்னுடைய உப்பளத்திலிருந்தே கத்தினான்: "நானா! புள்ள பாஸாமே! நஸ்ஹாட வாப்பா இப்பவே அப்ளிகேஷன் போடணுமாம்!"

"யார் சொன்ன?" என்றார் நெய்னார். அவர் முழங்கால்வரை சேற்றில் நின்று, கெட்டுப்போன பாத்தியின் மதகைத் திறந்துகொண்டிருந்தார்.

"இந்தா வாப்பா, போனில வந்திருக்கு. ரெண்டாம் வகுப்பு, மேற்பிரிவு."

அவர் ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, போனை வாங்காமல் குனிந்து பார்த்தார். எழுத்துக்கள். இலக்கங்கள். முகமில்லை.

"கடுதாசி எங்க?"

"வரும் வாப்பா. கெம்பஸ் திறந்த பொறகு."

"சீல்?"

"அதுவும் அதிலதான் இருக்கும்."

"எல்லாரும் பாஸா?"

"நாப்பத்திமூண்டு பேரும் பாஸ்!"

"நாப்பத்திமூண்டு பேரும்" என்றார் நெய்னார். "ஸலாத்துக்கு வாய் திறக்கத் தெரியா, ஆனா எல்லாரும் பாஸ்."

"ஒரு துண்டு வாயில போட்டுக்கொண்டாவது பேசுங்களன்" என்று றஹ்மத் உம்மா தட்டை நீட்டினாள். அவர் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். இனிப்புச் சரியாகத்தான் இருந்தது.

"கடுதாசி வந்த பொறகு சொல்லு மகள்" என்று சொல்லிவிட்டு, தடியை எடுத்துக்கொண்டு, அவர் அடுத்த மதகைப் பார்க்க வரப்புவழியே நடந்தார்.